காட்டுக்குப் பதில் ஒரு தீவு

பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி பாலித் தீவுக்குக் கிளம்புகிறார்கள் என்றால் உறவுக்காரர்கள் முதலில் கேட்பது, “அங்கே என்ன கோயில் விசேஷம்?” என்பதுதான். பதில் சொல்வது எளிது. அலை மோதும் பாறைமேல் தானா லோட் இருக்கிறது. அகுங் மலைச் சரிவில் பெசாகி இருக்கிறது. ஊற்றுநீரில் முழுகி எழ, பத்தாம் நூற்றாண்டிலிருந்து தீர்த்த எம்புல் இருக்கிறது. பட்டியலைக் கேட்டதும் கேட்டவர் முகம் தெளிந்துவிடும். கோயிலுக்காக அல்ல, கடற்கரையில் பத்து நாள் சும்மா உட்காரவே போகிறோம் என்றால்தான் பேச்சு தடைப்படும். “இந்த வயசுலயா?” என்று ஒரு குரல் வரும்.

அந்தக் குரலை அலட்சியம் செய்துவிட முடியாது. முதுமைக்கு ஒரு வேலை உண்டு, அது இறைவனை நினைப்பது என்று தலைமுறை தலைமுறையாக நம்பிய சமூகத்தின் குரல் அது. அந்த நம்பிக்கைக்கு மரியாதை கொடுத்தே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வயதான இருவர் சேர்ந்து எடுக்கும் ஓய்வுக்குப் புண்ணியம் என்று ஒரு சாக்கு தேவையா? அந்த ஓய்வு தன்னளவிலேயே அறமாகாதா?

தமிழ்ச் சமூகம் முதியவர்களை வீட்டுக்குள் அடைத்துவைக்கிற சமூகம் அல்ல. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் அனுப்பிவைக்கிறது. 60 முதல் 70 வயது வரையுள்ளவர்களை இந்து சமய அறநிலையத் துறையே காசிக்கும் அறுபடை வீடுகளுக்கும் கட்டணமில்லாமல் அழைத்துச் செல்கிறது. அறுபது நிறைந்தால் திருக்கடையூரில் மறுபடியும் மாலை மாற்றித் தாலி கட்டவைக்கிறோம். எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். நரைத்த கணவனையும் மனைவியையும் இணையாக மணையில் உட்காரவைத்துக் காலில் விழுந்து வணங்குவது நம்மிடம் உள்ள அழகான வழக்கங்களில் ஒன்று. ஆனால் கலச நீரில் நனைந்த புடவை காய்வதற்குள் அந்த அம்மாள் அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறார். அவர் கணவர் பேரனைப் பள்ளி வேனில் ஏற்றிவிடக் கிளம்பிவிடுகிறார்.

சாஸ்திரம் இப்படிச் சொல்லவில்லை. தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரப்பிள்ளையையும் பார்த்தபின் வீட்டை விட்டுக் காட்டுக்குப் போகலாம் என்கிறது மனு நூலின் ஆறாம் அத்தியாயம். மனைவியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டோ, அவளையும் அழைத்துக்கொண்டோ போகலாம். வானப்பிரஸ்தம் என்ற அந்த நிலையின் உள்ளர்த்தம் விலகல். குடும்பத்தின் அதிகாரத்திலிருந்தும் கணக்குவழக்கிலிருந்தும் கைகளை எடுத்துக்கொள்வது. மகாபாரதத்தில் போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் தம்பி பிள்ளைகளின் அரண்மனையிலேயே காலம் தள்ளிய திருதராஷ்டிரன், பீமனின் குத்தல் பேச்சைத் தாங்க முடியாமல் காந்தாரியோடு காட்டுக்குக் கிளம்புகிறான். மகன்கள் கெஞ்சியும் கேட்காமல் குந்தியும் உடன் போகிறாள். தவத்தின் மேல் உள்ள ஆசை மட்டும் அவர்களைக் கிளப்பவில்லை. பிறர் வீட்டில், பிறர் தயவில், பிறர் பேச்சுக்கு நடுவே இருந்த அயர்ச்சியும் கிளப்பியது. மகன் வீட்டில் ஓர் அறையில் வாழும் எத்தனையோ பெற்றோருக்கு அந்த அயர்ச்சி புரியும்.

இந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. திருக்குறளில் இல்வாழ்க்கை அதிகாரத்தின் முதல் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், இல்லறத்தான் துணைநிற்க வேண்டிய மூவரில் ஒருவராக வானப்பிரஸ்தனைச் சேர்க்கிறார். அவர் காட்டும் சித்திரத்தில், காட்டில் தவம் செய்வது கணவன். அவனுக்குப் பணிவிடை செய்வது மனைவி. வீடு போனது, பிள்ளைகள் போனார்கள், பொருள் போனது. அவள் வேலை மட்டும் போகவில்லை. பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது இரண்டு மனைவியருக்கும் சொத்தைப் பிரித்துத் தர முன்வருகிறார். சொத்தை வைத்துக்கொண்டு அமரத்துவம் அடைய முடியுமா என்று மைத்ரேயி கேட்கிறாள். உலகத் தத்துவ வரலாற்றின் மகத்தான கேள்விகளில் ஒன்று, முதுமையில் தனியே புறப்பட்ட கணவனிடம் ஒரு மனைவி கேட்டது. இருவருமாகச் சேர்ந்து ஓய்வது எப்படி என்று அந்த நூல்கள் அதிகம் யோசிக்கவில்லை.

யோசித்த ஓர் ஊர் உண்டென்றால் அது பாலி. தீவின் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இந்துக்கள். வானப்பிரஸ்தம் உள்ளிட்ட நான்கு ஆசிரமங்களும் அவர்கள் பாடத்தில் உண்டு. அங்கே பெதண்டா எனப்படும் உயர்நிலைப் பூசாரியாக ஒருவர் தீட்சை பெறும்போது, பெரும்பாலும் மனைவியும் கூடவே தீட்சை பெறுகிறார். அவருக்குப் பெதண்டா இஸ்திரி என்று பெயர். பிள்ளைகள் வளர்ந்து, வீட்டுப் பொறுப்பு குறைந்தபின் எடுக்கும் தீட்சை அது. பழைய பெயரை விடுகிறார்கள், உடையை மாற்றுகிறார்கள், சம்பாதிக்கும் தொழிலிலிருந்து விலகுகிறார்கள். இங்கே மனைவி பணிவிடைக்காரி அல்ல, அவரும் குரு. காட்டுக்குப் போகாமலே, ஊருக்குள்ளேயே, இணையாக விலகி நிற்கும் வழி இது.

அதைவிட வியப்பானது ஞெப்பி. சக ஆண்டுப் பிறப்பான அந்த நாள், பெரும்பாலும் மார்ச் மாத அமாவாசையை ஒட்டி, தெலுங்கரும் கன்னடரும் உகாதி கொண்டாடும் காலத்தில் வருகிறது. புத்தாண்டு என்றால் உலகமெங்கும் சத்தம். பாலியில் சத்தமெல்லாம் முந்தின நாள் மாலையோடு முடிந்துவிடும். மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த ஓகோ ஓகோ என்ற பூத உருவங்களை இளைஞர்கள் தோளில் தூக்கி, நாற்சந்திகளில் சுழற்றி, கூச்சலிட்டு ஓய்வார்கள். மறுநாள் காலை ஆறு மணி முதல் அதற்கு மறுநாள் காலை ஆறு வரை தீவு அடங்கிவிடும். நெருப்பு கூடாது, வேலை கூடாது, வெளியே போகக் கூடாது, கேளிக்கை கூடாது. நான்கே விலக்குகள். ஆண்டுக்கு அறுபது லட்சம் வெளிநாட்டவர் வந்துபோகும் தீவின் சர்வதேச விமான நிலையம் 24 மணி நேரம் மூடப்படுகிறது. துறைமுகங்களும் அப்படியே. 2018 முதல் செல்பேசி இணையத்தையும் நிறுத்திவைக்கிறார்கள். மருத்துவ அவசரத்துக்கு மட்டும் வழி உண்டு. இடுப்பில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டிய பெசலாங் எனும் ஊர்க்காவலர்கள் தெருவில் நடந்து, எங்காவது விளக்கு எரிந்தால் அணைக்கச் சொல்வார்கள். சுற்றுலாப் பயணிக்கும் விலக்கில்லை. ஹோட்டல் வாசலைத் தாண்ட முடியாது.

முதல் விலக்கைக் கவனிக்க வேண்டும். நெருப்பு கூடாது என்றால் அடுப்பு எரியாது. கடுமையாகக் கடைப்பிடிப்பவர்கள் அன்று உண்பதே இல்லை. மற்றவர்கள் முந்தின நாள் சமைத்ததை உண்கிறார்கள். ஒரு சமயம் தன் மிகப் புனிதமான நாளில் வீட்டுப் பெண்ணை அடுப்பிலிருந்து விடுவிக்கிறது. நம் பண்டிகைகளில் அன்றைக்குத்தான் அவளுக்கு வேலை அதிகம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஓய்வு பற்றிய கேள்வி யாருடைய கேள்வி என்று புரிந்துவிடும்.

சோம்பலைத் தாமச குணம் என்று கீதை ஒதுக்கவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். ஒதுக்குகிறதுதான். உறக்கத்திலும் மடியிலும் பிறக்கும் சுகத்தை அது தாமச சுகம் என்று தனியே பிரிக்கிறது. ஆனால் செயலற்று இருப்பது எல்லாம் மடி அல்ல. சும்மா இருத்தலை அருணகிரிநாதரும் தாயுமானவரும் ஆன்மிகத்தின் உச்சமாகவே பாடினார்கள், அடைவதற்கு அது எவ்வளவு அரிது என்றும் தாயுமானவர் கலங்கினார். நாற்பது ஆண்டுகள் அலுவலகமும் வீடுமாக ஓடிய ஒருவரைக் கடற்கரையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லிப் பாருங்கள். கை தானாகச் செல்பேசியைத் தேடும். உட்காரப் பழகுவதே அந்த வயதின் சாதனை.

தீவின் தென்கிழக்கில் சானூர் என்ற கடற்கரை அப்படிப் பழக ஏற்ற இடம். இரவுக் கூத்துக்குப் பேர்போன குட்டா மேற்குக் கரையில் இருக்கிறது; சானூர் கிழக்கைப் பார்த்தது. பவளப்பாறைத் திட்டு அலையைத் தூரத்திலேயே உடைத்துவிடுவதால், கரையோரத் தண்ணீர் முழங்காலளவில் அமைதியாகக் கிடக்கும். கரையை ஒட்டிச் செல்லும் நடைபாதை மேடுபள்ளம் அதிகமில்லாதது. முழங்கால் தேய்ந்தவர்களும் மெதுவாக நடக்கலாம். இருபுறமும் மூங்கில் சட்டம் கட்டிய ஜுகுங் படகுகள் மணலில் வரிசையாக நிற்கும். இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்திப் பொழுது விடிகிறது.

காலையில் அந்த நடைபாதையில், ஒவ்வொரு கடை வாசலிலும் உள்ளங்கை அளவில் ஓலைத் தட்டு ஒன்று வைத்திருப்பார்கள். சனாங் சாரி என்பது அதன் பெயர். தென்னங்குருத்தை மடித்துத் தைத்த தட்டு. நடுவில் வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு. அதன்மேல் திசைக்கொரு நிறமாகப் பூ: கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை. ஊதுவத்தி ஒன்று புகையும். ஒரு பெண் இடுப்பில் துண்டு கட்டி, பூவால் தண்ணீர் தெளித்து, கையை மெல்ல அசைத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார். நண்பகலுக்குள் பூ வாடிவிடும், நடப்பவர் கால் படும், நாய் கலைக்கும். யாரும் வருந்துவதில்லை. மறுநாள் புதிதாக ஒன்று வரும். வெற்றிலை பாக்கைப் பார்த்ததும் தமிழ் அம்மாள் எவரும் ஒரு கணம் நின்றுவிடுவார்.

அந்த ஓலைத் தட்டை முடைய நேரமாகும். அந்த நேரம் பெரும்பாலும் பெண்களுடையது. முடைந்துவிட்டு அவர்களில் பலர் ஹோட்டல் அறைகளைப் பெருக்கவும் படுக்கை விரிக்கவும் போகிறார்கள். ஞெப்பி நாளில்கூட, தெருவில் நடமாட முடியாது என்பதால் முந்தின நாளே வந்து ஹோட்டலிலேயே தங்கி விருந்தினருக்குச் சோறு போடும் ஊழியர்கள் இருக்கிறார்கள். ஒருவரின் ஓய்வு இன்னொருவரின் உழைப்பின்மேல்தான் நிற்கிறது. 2019-இல் அறுபது லட்சத்தைத் தாண்டிய வெளிநாட்டுப் பயணிகள் 2021-இல் நூறு பேர்கூட வரவில்லை. அந்த ஆண்டு பாலியின் பல குடும்பங்கள் வயலுக்கும் மீன்பிடிப்புக்கும் திரும்பின. எனவே போகாமலிருப்பது தீர்வல்ல. எப்படிப் போகிறோம் என்பதில் அறம் இருக்கிறது. பத்து நாள் ஒரே ஊரில், ஊர்க்காரர் நடத்தும் சிறு விடுதியில் தங்கி, பக்கத்துக் கடையில் சாப்பிட்டு, படுக்கை விரிப்பவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தம்பதிக்கு அந்த ஊர் மேல் ஒரு கடமை உணர்வு வரும்.

ஐந்து இரவு ஆறு பகல் பேக்கேஜில் அது வராது. விடியற்காலை வேன், ஒரு நாளில் நான்கு கோயில், நுசா பெனிடாவின் செங்குத்துப் படிகள், இரவு கெச்சாக் நடனம், மறுநாள் மறுபடி வேன். ஓடி ஓடிப் பார்த்த கோயில்களின் எண்ணிக்கையைச் சொல்லும் யாத்திரையும் இதே ரகம்தான். ஓய்வையும் பக்தியையும் எண்ணிக்கையாக மாற்றுவது இரண்டையும் கெடுக்கிறது. கோயிலுக்குப் போக வேண்டாம் என்பதல்ல. தீர்த்த எம்புல் ஊற்றில் ஒரு காலை முழுவதும் நின்றால் போதும், மற்றதை விடலாம்.

தொல்காப்பியர் கற்பியலில் முதுமையைப் பற்றிப் பேசும்போது தலைவனையும் தலைவியையும் பிரிப்பதில்லை. இன்பம் நிறைந்து முற்றிய கடைசிக் காலத்தில் அவர்கள் இருவரும், பிள்ளைகளும் அறம் விரும்பும் சுற்றமும் சூழ, சிறந்ததைப் பழகுவதுதான் கடந்த வாழ்வின் பயன் என்கிறார். காட்டுக்குத் துரத்தவுமில்லை, அடுப்படிக்கு அனுப்பவுமில்லை. தான் சமைக்காத சோற்றை மனைவி சாப்பிட, கணவன் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து கடலைப் பார்க்கும் பத்து நாட்களையும் அந்தச் சிறந்ததில் சேர்க்கலாம். அதற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊரை முடிவு செய்யும் முன் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். அப்பாவை வைத்துக்கொண்டு கேட்டால் அவர் விருப்பத்தையே அம்மாவும் சொல்லக்கூடும். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை அனுப்பாதீர்கள். அவர்கள் அங்கே இருக்கும் நாட்களில், மாவு எங்கே இருக்கிறது, கேஸ் புத்தகம் எங்கே என்று போன் செய்யாமல் இருங்கள்.