புல்லும் புல்லும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது 1996இல். இரண்டே ஆண்டில் சான்ட்ரோ சாலைக்கு வந்தது. காரோடு கொரிய மொழியும் வந்து இறங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் இப்போது கொரிய எழுத்தில் பலகை மாட்டிய உணவகங்களைத் தாண்டித்தான் கம்பெனி பஸ்கள் போகின்றன.

கொரியக் குழந்தை ‘அப்பா’ என்று கூப்பிட்டால் நம்மூர்க்காரரும் திரும்பிப் பார்ப்பார். அம்மா அங்கே ‘ஒம்மா’. பேச்சில் ‘நான்’ ஏறக்குறைய நான்தான். புல்லுக்குப் ‘புல்’, நாளுக்கு ‘நல்’, வா என்பதற்கு ‘வா’. இரு மொழிகளும் உறவு என்பதற்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று தோன்றும்.

*

தோன்றியவர்களில் ஒருவர் ஹோமர் ஹல்பர்ட். 1886இல் சியோலுக்கு ஆசிரியராகப் போன அமெரிக்கர். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905இல் இலக்கண நூலே எழுதிவிட்டார். இன்றைய மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்பதில்லை.

*

உறவு உண்மையென்றால், பழைய வடிவங்களைத் தேடிப் போகப் போகச் சொற்கள் நெருங்கி வர வேண்டும். இவை விலகுகின்றன.

கொரியருக்கு ‘நா’ என்பதே சொல். கடைசியில் ஒட்டும் னகரம், பேச்சு எதைப் பற்றியது என்று காட்டும் உருபு. நம் நானுக்கு மூத்தது யான், பன்மையில் யாம். இங்கே னகரம் காட்டுவது ஒருமையை.

புல்லின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1446இல் ஹங்குல் எழுத்து அறிவிக்கப்பட்ட காலத்தில் கொரியப் புல்லில் இருந்த உயிர், உதடு குவியாத ஒன்று. ‘காது’ என்று முடிக்கும்போது நம் வாயில் வரும் குற்றியலுகரம் மாதிரி. பக்கத்துப் பகரம் உதட்டை இழுத்து இழுத்து, சில நூற்றாண்டுகளில் அதை முழு உகரமாக்கிவிட்டது. நம் புல் தொடக்கத்திலிருந்தே புல்.

*

அப்பா, அம்மாவை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. குழந்தைக்கு முதலில் வசப்படுவது உதட்டொலிகள் என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960இல் விளக்கிவிட்டார். எந்த ஒலி யாருக்கு என்பது ஊர் வழக்கம். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா!

*

கொரிய ‘வா’வில் வகரமே கிடையாது. ‘ஓ’ என்ற வினையடியோடு ‘ஆ’ சேர்ந்த புணர்ச்சி அது. வயதில் மூத்தவரை அங்கேயும் அப்படிக் கூப்பிட்டுவிட முடியாது. மரியாதை சேர்ந்ததும் அவர்களுடையது ‘ஓசேயோ’, நம்முடையது ‘வாங்க’.