அந்நிய தேசத்தில் அச்சம்



"பிரான்சு பத்திரமான தேசந்தானா, சாமி?" என்று பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது கேட்பவர் பலர். பிள்ளை அங்கே இருக்கிறான். அல்லது பெண்ணை அங்கே கட்டிக்கொடுக்கப் பேச்சு நடக்கிறது. கேட்பது ஒரு வரிதான். ஆனால் அதற்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: எவரைக் கண்டு பயப்படுவது நியாயம்?

நமக்கும் பிரான்சுக்கும் உள்ள போக்குவரத்து நேற்று முளைத்ததன்று. பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்கும் அல்ஜீரியாவுக்கும் போன சொல்தாக்கள் நம் வீதிகளில் எத்தனையோ பேர் இருந்தார்கள். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16-ல் ஒப்பந்தம் சட்டப்படி நிறைவேறியபோது, ஆறு மாதத் தவணைக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. இவர்களுடைய சந்ததியார் பலர் இன்று பாரீசைச் சுற்றியுள்ள சார்செல் முதலிய ஊர்களில் அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறார்கள். பாட்டனார் சைகோனில் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே தூங்கியவர்; பேரன் இரவு பத்து மணிக்குத் தன் வீட்டு லிப்டில் ஏறத் தயங்குகிறான். சிரிக்கவேண்டாம். பாட்டனாருக்குப் பக்கத்தில் ஒரு பட்டாளமே இருந்தது. பேரன் தனியாக நிற்கிறான்.

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2005 அக்டோபர் 27-ல் க்ளிஷி-சு-புவா என்னும் ஊரில், போலீசுக்குப் பயந்து மின் நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். அதன்பின் ஏறத்தாழ மூன்று வாரம் இரவுதோறும் கார்கள் எரிந்தன. நவம்பர் 8-ல் அவசர நிலை பிறப்பித்தார்கள். 2015 நவம்பர் 13 இரவில் பாரீசிலும் அதை ஒட்டிய சேன்-தெனியிலும் 130 பேர் கொல்லப்பட்டார்கள். இப்படிப்பட்ட நாட்களில் டெலிவிஷன் முன்னே உட்கார்ந்த தாய்க்குத் தூக்கம் வராது. மெத்ரோ ரயிலில் ஜேப்படியும் போன் பறிப்பும் சகஜம் என்பதும் மெய்யே.

ஆனால் கணக்கையும் சற்றுப் பார்க்கவேண்டும். பிரான்சில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு ஒருவருக்குச் சற்றுமேல் கொலையுண்கிறார்கள். நம் தேசத்தில் அது இரண்டுக்கும் மேல். சாலையை எடுத்துக்கொண்டால் 2022-ம் ஆண்டில் இந்தியாவில் 1,68,000 பேருக்குமேல் விபத்தில் மாண்டார்கள். பிரான்சில் சுமார் 3,500 பேர். நம் ஜனத்தொகை அவர்களுடையதைப்போல் இருபது மடங்கு என்றாலும், நம் சாலைச் சாவு நாற்பது மடங்குக்கும் மேல். பாரீசிலிருக்கும் மூத்தவனுக்காக ஜெபமாலை சொல்லுகிற தாய், இளையவன் ஹெல்மெட்டில்லாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைக் கண்டும் காணாதிருக்கிறாள். பழகிய ஆபத்து வீட்டு நாய்போல. குரைத்தாலும் நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதுவரை சொன்னது வெறும் தப்புக்கணக்கு. தப்புக்கணக்கு பாவமாகாது. பாவம் நுழைகிற இடம் வேறு.

நெல்லித்தோப்பில் ஒருவன் சங்கிலி அறுத்துக்கொண்டு ஓடினால் நாம் என்ன சொல்லுகிறோம்? "அந்தப் பயல்" என்கிறோம். அவன் யார் மகன், எப்படிக் கெட்டான், எந்தச் சாராயக் கடையில் கிடந்தான் என்று விசாரிக்கிறோம். திருடினவன் ஒரு மனிதன். அதே சங்கிலி கார்-து-நோர் ஸ்டேஷனில் பறிபோனால் "அந்தக் கறுப்பர்கள்", "அந்த அரபுக்காரர்கள்" என்கிறோம். ஊரில் ஒருவன் செய்த குற்றம் அங்கே ஓர் இனத்தின்மேல் ஏறிவிடுகிறது. விடுமுறைக்கு வருகிற நம் பிள்ளைகள் இப்படிப் பேசுவதையும், பெரியவர்கள் தலையாட்டிக் கேட்பதையும் நானே பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

அச்சத்தையும் சந்தேகத்தையும் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் தனித்தனியே ஆராய்கிறார். புத்திக்குக் கட்டுப்பட்ட அச்சத்தை அவர் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆனால் அற்ப அடையாளத்தைக்கொண்டு பிறன் கெட்டவன் என்று நிச்சயிப்பது நீதிக்கு விரோதம். ஏனெனில் அவனுக்கு உரிய நற்பெயரை அது பறிக்கிறது. போனைப் பறிப்பவனும் நற்பெயரைப் பறிப்பவனும் பறிப்பவர்கள்தாமே! இரண்டாமவனுக்குப் போலீசு பயமில்லை, அவ்வளவே வித்தியாசம்.

"இனம் பார்த்து ஜாக்கிரதையாயிருப்பதில் என்ன தப்பு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். 2016 ஆகஸ்டு மாதம் பாரீசை அடுத்த ஓபெர்வில்லியேயில் ஒரு சீனத் தையற்காரரைத் திருடர்கள் தாக்கினார்கள். சில நாட்களில் அவர் இறந்தார். சீனர் என்றால் கையில் ரொக்கம் இருக்கும் என்ற பேச்சே அங்கே பல கொள்ளைகளுக்குக் காரணமாயிற்று. சீனக் குடிகள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்து பாதுகாப்புக் கேட்டார்கள், சரியானதைச் செய்தார்கள். இனத்தைக்கொண்டு மனிதனை அளப்பது திருடன் கையிலும் ஆயுதமாகிறது. நம் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பதும் அதே ரகப் பேச்சுத்தான். இன்னொன்று: இரவுக் கடைசி ரயிலில் நம் பிள்ளை ஏறி உட்காரும்போது, எதிரே இருக்கிற வெள்ளைக்கார அம்மாள் அவன் நிறத்தைக் கண்டு கைப்பையை மடியில் இழுத்துக்கொள்ளுகிறாள். அவன் பகலெல்லாம் ஓட்டலில் பாத்திரம் துலக்கிவிட்டு வருகிறவன்.

ஜாக்கிரதை வேண்டியதுதான். நகையை லாக்கரில் வைக்கலாம். விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் முன்கூட்டி எழுதிக்கொடுத்தால், காலி வீட்டை அவ்வப்போது பார்த்துக்கொள்ளப் பிரெஞ்சுப் போலீசில் இலவச ஏற்பாடு உண்டு. களவு போனால் புகார் எழுதிவைக்கவேண்டும். போலீசு வாசலை மிதிப்பது அவமானம் என்ற எண்ணத்தை நம்மவர் சிலர் இங்கிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள். சிவப்புத் தொப்பியைக் கண்டு ஒதுங்கிய காலத்துப் பழக்கம்போலும்.

இனி, இந்தக் கடிதம் எழுதத் துணிந்ததன் முக்கிய காரணத்துக்கு வருகிறேன். பெண்ணைப் பிரான்சுக்குக் கொடுக்கும்போது பெற்றோர் பேட்டையை விசாரிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் யார், ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம், இருட்டில் நடக்கவேண்டுமா என்றெல்லாம் கேட்கிறார்கள். மாப்பிள்ளை கை நீட்டுகிறவனா என்று கேட்பவர் குறைவு. 2022-ம் ஆண்டில் உலகெங்கும் கொலையுண்ட பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர். அவர்களில் சுமார் 48,800 பேரைக் கொன்றவர்கள் கணவனோ, துணைவனோ, சொந்தக் குடும்பத்தாரோ என்று ஐக்கிய நாடுகள் சபை கணித்திருக்கிறது. பாஷை தெரியாத பெண்ணுக்குப் பூட்டிய கதவு அந்நியனை வெளியே வைக்கும். அவளையும் உள்ளே வைக்கும். கணவன் அடிக்கிறான் என்றால் "பொறுத்துக்கொள் அம்மா, மானம் போய்விடும்" என்று இங்கிருந்தே புத்திமதி போகிறது. அந்தப் புத்திமதிக்குத் திருச்சபையின் பெயரைச் சொல்லவேண்டாம்.

பெண்ணோடு போனில் பேசும்போது, அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் பேசுங்கள். "அங்கே குளிரா, சமையல் என்ன" என்பதோடு நிறுத்தாமல், "உன்மேல் கை வைக்கிறானா?" என்று ஒளிவில்லாமல் கேளுங்கள். அவள் உடனே பதில் சொல்லாமலிருந்தால் மறுவாரமும் கேளுங்கள். பிரான்சில் அவசரத்துக்குப் போலீசு எண் 17. அடிபடும் பெண்களுக்கென்று 3919 என்ற எண் இருக்கிறது. காசு கிடையாது, பெயர் சொல்லவேண்டியதுமில்லை. கல்யாணம் பேசி முடித்திருக்கிற வீட்டார் இந்த இரண்டு எண்களையும் பெண்ணின் ஜெபப் புத்தகத்தில் எழுதிக்கொடுத்து அனுப்புங்கள்.