வைரவர் வாசலில் ஒரு வாயில்லாச் சீவன்

வழமையாக விரத மகிமை, விபூதி மகிமை என்று எழுதித் தருபவன் நான். இம்முறை ஒரு நாயைப் பற்றி எழுதப் போகின்றேன். ஆலய மலரில் நாயா என்று முகஞ்சுழிக்கும் அடியார்கள் சற்றுப் பொறுத்து வாசிக்குமாறு பணிவன்புடன் வேண்டுகின்றேன்.

2024ஆம் ஆண்டு வேட்டைத் திருவிழாவன்று இரவு, சுவாமி வீதியுலா முடிந்து உள்ளே எழுந்தருளிய பின், தேர்முட்டிக்குப் பக்கத்து வீதியில் மோட்டார் சைக்கிள் ஒன்று நாயை அடித்துவிட்டு நிற்காமற் போய்விட்டது. மடைப்பள்ளிக்குப் பின்னால் எச்சிலிலையைப் பார்த்துக் கிடக்கும் அந்தச் செவலை நாயை உங்களிற் பலருக்குத் தெரியும். பெயர் கிடையாது. நானே பல தடவை தடியெடுத்துத் துரத்தியிருக்கின்றேன். அன்று அது பின்காலை இழுத்து இழுத்து வந்து, வைரவர் சந்நிதிக்கு நேரே வெளிமதிலோடு ஒண்டிக்கொண்டது.

வாசிகசாலை இளைஞர்கள் ஓடிவந்தார்கள். நோவெடுத்தால் சாதுவான நாயும் கடிக்கும் என்று ஒருவர் சால்வையால் அதன் வாயைக் கட்டினார். இன்னொருவர் பனடோல் கொண்டுவந்தார். நல்ல காலம், கொடுக்கவில்லை. மனிதருக்கான நோக் குளிசைகள் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடக்கூடும் என்று மறுநாட் காலை மிருக வைத்தியர் சொன்னார். எக்ஸ்ரே படத்தில் தொடையெலும்பு நொறுங்கிக் கிடந்தது. கம்பி வைத்துப் பொருத்த இயலாது, காலை எடுக்க வேண்டும்; நாய் தன் பாரத்திற் கூடிய பங்கை முன்கால்களிலேயே தாங்குவதால் மூன்று காலில் நன்றாக வாழும் என்றார். சத்திரசிகிச்சை, மருந்து, தங்கவைத்துப் பராமரித்தல் எல்லாமாக 46,000 ரூபா.

அன்று மாலை நிர்வாக சபையில், உண்டியற் பணத்தில் கொடுக்கலாமா என்று இளைஞர்கள் கேட்டார்கள். முடியாது என்று முதலிற் சொன்னவன் பொருளாளராகிய நான்தான். சுவாமிக்கென்று அடியார்கள் இட்ட காசை வேறு தேவைக்கு எடுக்க யாப்பில் இடமில்லை. இன்றும் என் கருத்து அதுவே. ஆனால் அதைச் சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனேனே, அதுதான் பிழை.

இரவு நித்திரை வரவில்லை. இன்னும் நாலு நாளில் வைரவர் மடை. வடைமாலை சாத்திக் கும்பிடப் போகிறோம். அவருடைய வாகனமோ மதிலுக்கு வெளியே முனகிக் கிடந்தது. மகாபாரதத்தின் முடிவும் நினைவுக்கு வந்தது. தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்துவிட, தருமரோடு கடைசிவரை நடந்தது ஒரு நாய்தான். தேரோடு வந்த இந்திரன், நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்கிறான். (அவனும் எங்களைப் போல யாப்புத்தான் பேசியிருக்கிறான்.) நம்பி வந்ததைக் கைவிட்டுவிட்டு எனக்கொரு சுவர்க்கம் வேண்டாம் என்று தருமர் நின்றார். தரும தேவதையே நாயாக வந்தது பின்னர்தான் தெரிந்தது. தெரியாமலே நின்றார் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். திருவிளையாடற் புராண படனத்திலே, தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சொக்கநாதப் பெருமான் தாய்ப்பன்றியாக வந்து பாலூட்டிய படலத்தைக் கேட்டு எத்தனை முறை கண்ணீர் விட்டிருக்கின்றோம்! மணிவாசகப் பெருமான் தம்மையே நாய் என்று எத்தனை இடத்திற் சொல்லியிருக்கின்றார்!

விடிந்ததும் கடையில் புதிய பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். முதலாவது சீட்டு என் பெயரில், 2,000 ரூபா. தேரன்று இளைஞர்களோடு தண்ணீர்ப்பந்தலடியில் நின்றேன். ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "மனிசருக்கே மருந்துக்குக் காசில்லை, நாய்க்கோ ஐயா வசூல்?"

நியாயமான கேள்வி. 2022இற்குப் பின் மருந்து விற்ற விலை எல்லோருக்கும் தெரியும். எழுதுவினைஞராக 31 வருடம் அரச கணக்கு எழுதியவன் நான். அங்கே ஒரு செலவினத் தலைப்பிற் கூட்டினால் இன்னொன்றிற் குறைக்க வேண்டும். இரக்கமும் அப்படித்தானோ என்று எனக்கும் ஐயம் பிறந்தது. ஆகவே, அவ்வருடம் மாசி மாதம் எமது ஊர்ப் பிள்ளை ஒன்றின் இருதய சத்திரசிகிச்சைக்குச் சேர்த்த புத்தகத்தின் அடிக்கட்டைகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். நாய்க்குத் தந்த 63 பேரில் 41 பேர் அந்தப் பிள்ளைக்கும் தந்தவர்கள். கேள்வி கேட்டவரின் பெயர் இரண்டிலும் இல்லை. அவர் கோபிக்க வேண்டாம். வைரவர் மடையன்று அவரே தேடிவந்து 500 ரூபா தந்தார். பற்றுச்சீட்டு வேண்டாம் என்றார். விடாமல் எழுதிக் கொடுத்தேன்.

சேர்ந்த தொகை 58,300 ரூபா. வைத்தியச் செலவு 46,000, ஓட்டோக் கூலி 3,500. மீதி 8,800 ரூபாவை, ஆலயச் சூழலிலுள்ள பெண் நாய்களுக்குக் கருத்தடை செய்விக்க ஒதுக்கியுள்ளோம். குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தியில் விடும் பாவம் ஊரில் இனியும் வேண்டாம்.

நாய் இப்போது மூன்று காலில் ஓடித் திரிகின்றது. விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று. ஆலயத்தினுள் அதை விடுவதில்லை. அந்த ஒழுங்கு அப்படியேதான். அது கிடப்பது அதே வைரவர் மதிலடியில். பற்றுச்சீட்டுப் புத்தகமும் வைத்தியரின் சிட்டைகளும் அலுவலக அலுமாரியில் உள்ளன. பார்க்க விரும்பும் அடியார்கள் மாலைப் பூசை முடிந்த பின் என்னிடம் கேட்கலாம்.