வாயில்லா ஜீவனின் ஹக்கு

 

திருமறையின் 100வது அத்தியாயமான அல்ஆதியாத்தை நம்மில் பலர் சிறு வயதிலேயே மனனம் செய்திருக்கிறோம். மூச்சிரைக்க ஓடி, குளம்படியில் தீப்பொறி பறக்கச் செய்யும் குதிரைகளின் மீது அல்லாஹ் அதில் சத்தியமிடுகிறான். சத்தியமிட்ட பிறகு சொல்வது என்ன? மனிதன் தன் இறைவனுக்கு நன்றி கெட்டவன், பொருளை நேசிப்பதில் மிகக் கடுமையானவன் என்கிறான். எஜமானனுக்காக ஓடும் குதிரையை முன்னே நிறுத்தி, அதன் பக்கத்தில் மனிதனை நிறுத்திக் காட்டுகிறான். கடைக்கல்லாவில் அமர்ந்திருக்கும் நாம் இதைச் சற்றே சிந்திக்க வேண்டாமா?

குதிரைக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் புதிதன்று. நம்மில் ஒரு சாராருக்கு ராவுத்தர் என்ற பெயரே குதிரையால் வந்தது என்பார்கள். பாண்டிய மன்னர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் மரக்கலமேறி காயல் துறையில் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, அந்தப் பெரிய வியாபாரத்தின் கறுப்புப் பக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறார். வாங்கிய குதிரைகளில் மிகச் சிலவே வருஷக் கடைசிவரை பிழைத்திருந்தனவாம். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. புல் தின்னும் பிராணிக்குச் சோற்றையும் இறைச்சியையும் சமைத்துப் போட்டார்கள். குதிரை வைத்தியர்கள் இந்நாட்டுக்கு வராதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் மறுபடி விற்கலாம்! அந்நியர் எழுதியதில் மிகை இருக்கலாம். ஆனாலும் அதில் பாதி உண்மையானாலும், அந்தக் கணக்கு இன்னும் தீராத கணக்கல்லவா?

இதை ஏன் இப்போது எழுதுகிறோம்? நமக்குத் தெரிந்த கிள்ளான் வியாபாரி ஒருவர், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு கிழட்டுக் குதிரையை வாங்கி வளர்த்து வந்தார். இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் அம்பாங் சாலை நிலம்தான் முன்பு பந்தயத் திடல்; 1993இல்தான் பந்தயம் சுங்கை பெசிக்கு மாறியது. பந்தயப் பணம் நமக்கு ஹராம். ஆனால் ஓடிய குதிரை என்ன பாவம் செய்தது? அதைக் காப்பாற்றியது நல்ல காரியமே.

ஒரு நாள் மாலை அந்தக் குதிரை தீனியைத் தொடவில்லை. முன்னங்காலால் தரையைப் பறித்தது, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது, படுத்துப் புரண்டது. லாயக்காரர் தொலைபேசியில் சொன்னபோது நண்பர் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில் பார்த்துக்கொள்வோம்" என்றாராம். இஷாவுக்குப் பிறகும் மனம் கேளாமல் நம்மையும் அழைத்துக்கொண்டு போனார். லாயக்காரர் ஒரு புட்டி எண்ணெயை அதன் வாயில் ஊற்றத் தயாராக நின்றார். வைத்தியர் தொலைபேசியிலேயே தடுத்துவிட்டார். அப்படி ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்றார்.

இது வயிற்றுச் சூலை. வைத்தியர்கள் கோலிக் என்பார்கள். மனிதனுக்கு வயிறு கெட்டால் வாந்தியாவது வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் இரைப்பையோ உடம்புக்கு மிகச் சிறியது. குடலோ ஏறக்குறைய 100 அடி நீளம். தீனி இறுகி அடைத்தாலும், வாயு நிறைந்தாலும், குடல் முறுக்கிக்கொண்டாலும் வேதனை ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முறுக்கிய குடலுக்குச் சில மணி நேரமே தவணை. ஓய்வாக நிற்கும் குதிரையின் நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். அன்று 50ஐத் தாண்டியிருந்தது.

வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டார்கள். கையை உள்ளே விட்டுக் குடலைத் தொட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் தீனி காய்ந்து இறுகிக் கிடந்தது. கழுத்து நரம்பில் மருந்து நீர் ஏற்றினார்கள். "விடியும்வரை பார்ப்போம். வலி மிஞ்சினால் வயிற்றைத் திறக்க வேண்டும். அல்லது வேதனையில்லாமல் முடித்துவிட வேண்டும். செலவு அதிகம், உத்தரவாதம் கிடையாது" என்றார்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "தண்ணீர் சரியாகக் குடித்ததா?"

நண்பர் தலை குனிந்தார். அந்த வாரம் வட்டாரத்தில் தண்ணீர் வெட்டு. வீட்டுப் பீப்பாய்களையும் கடைத் தொட்டியையும் நிரப்பி வைத்தவர், லாயத்துத் தொட்டியை மறந்துவிட்டார். தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொடுத்ததால் பாவம் மன்னிக்கப்பட்டவரின் ஹதீஸை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டதால் நரகம் சென்ற பெண்ணின் ஹதீஸையும் கேட்டிருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் அன்று நம் நண்பர் நின்றார்.

"ஒரு மிருகத்துக்கு இவ்வளவு பணம் செலவழிப்பது வீண்விரயமாகாதா?" என்று நம்மைக் கேட்டார். நமக்குப் பட்டதைச் சொன்னோம்: சக்திக்கு மீறிக் கடன்படச் சொல்லவில்லை. அறுவை வேண்டுமா என்பதை வைத்தியர் சொல்லட்டும். மார்க்கச் சந்தேகத்தை ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் வேதனையில் துடிக்கவிட்டு லாபநஷ்டம் பார்ப்பது மட்டும் கூடாது. ஓர் ஒட்டகத்தின் கண்ணீரைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் சொந்தக்காரரை அழைத்து, இந்தப் பிராணியின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்ச வேண்டாமா என்று கேட்டார்கள். தம் குதிரையின் முகத்தைத் தம் மேலாடையாலேயே துடைத்துவிட்டார்கள் என்று இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் வருகிறது. நாயகமே துடைத்த முகம்! நமக்கு என்ன கௌரவக் குறைவு?

இரண்டு இரவுகள் நண்பர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அங்கேயே இருந்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் குதிரை லத்தி போட்டது. சகோதரர்களே, சிரிக்காதீர்கள்! அதைக் கண்டு ஒரு பெரிய வியாபாரி "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணீர் விட்டதை நாம் பார்த்தோம். அறுவை தேவைப்படவில்லை. முதலில் ஒரு பிடிப் புல், பிறகு இரு பிடி, கையால் பிடித்து நடை என்று மெல்ல மெல்லத் தேறியது.

குதிரையோ, ஆடோ, மாடோ வளர்ப்பவர்கள் நினைவில் கொள்க. தீனியை மறுத்து வயிற்றைப் பார்த்தால் அந்த நிமிஷமே வைத்தியரை அழையுங்கள், தீனியை எடுத்துவிடுங்கள், கை வைத்தியம் வேண்டாம். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்பதே நபிமொழி. வைத்தியரை அழைப்பதும் அந்தக் கயிறுதான்.

குதிரை வளர்க்காதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம் கடைகளில் உழைக்கும் ஆட்களுக்கு வாய் உண்டு. ஆனாலும் முதலாளியிடம் பேசத் துணிவில்லாதபோது அவர்களும் வாயில்லாதவர்களே. "காலையில் பார்த்துக்கொள்வோம்" என்று அவர்களுடைய எத்தனை வேதனைகளைத் தள்ளி வைத்திருக்கிறோம்?

யா அல்லாஹ்! உன் படைப்புகளின் ஹக்கை அறிந்து நடக்கும் இதயத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் தொட்டியில் உள்ள தண்ணீரை எங்களுக்கு மட்டுமே உரியதென்று எண்ணாதவர்களாக எங்களை ஆக்கியருள்வாயாக! ஆமீன்.