நாய் நின்ற பிறகு

அக்டோபரில் அமெரிக்காவின் மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலங்களின் வடக்குக் காடுகளில் ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகி உதிரும். அந்தச் சருகுக்குள் உட்காக் என்றொரு பறவை ஒடுங்கியிருக்கும். நீண்ட அலகை ஈரமண்ணில் இறக்கி மண்புழு தின்னும் பறவை; சருகின் நிறம்தான் அதன் இறகுக்கும். ஆபத்து நெருங்கினால் பறந்து தப்புவதைவிட அசையாமல் இருந்து தப்புவதையே அது நம்புகிறது. கண்ணை ஏமாற்றும் இந்த உத்தி மூக்கிடம் செல்லாது. வேட்டைக்காரருக்கு முன்னால் ஓடும் பாயின்டர் நாயோ செட்டர் நாயோ வாடை பட்ட இடத்தில், தூக்கிய காலைக்கூட இறக்காமல், அப்படியே உறைந்து நிற்கும். கூட வந்த நாய்க்கு வாடையே எட்டியிருக்காது. முதல் நாய் நிற்பதைப் பார்த்துத் தானும் நின்றுவிடும். வேட்டைக்காரர் நடந்து வந்து பறவையைக் கிளப்பி, அது கிளைகளுக்கிடையே எழும்பும்போது சுடுவார். தரையில் இருப்பதைச் சுடுவது இழுக்கு என்பது அந்த வேட்டையின் எழுதாத விதி. பறவைக்கும் ஒரு வாய்ப்புத் தருகிறோம், நம் கையை நாமே பாதி கட்டிக்கொண்டுதான் கொல்கிறோம் என்பது அவர்கள் வாதம். இந்தத் தன்னடக்கம் கொலையின் தன்மையை மாற்றுகிறதா? மாற்றுகிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அவர்களுக்குச் சாதகமாக மாற்றவில்லை.

முதலில் நாயின் நிற்றலைப் பார்க்கலாம். வேட்டை விலங்கு ஒன்று இரையின் முன் தன்னை அடக்கிக்கொண்டு நிற்பது, பார்ப்பவர் மனத்துக்குத் தவம் போலத் தோன்றிவிடும். அதன் பிறப்புக் கதை வேறு. தேடுதல், பதுங்குதல், பாய்தல், கடித்தல் என்ற வரிசையில் பதுங்கும் கணத்தை மட்டும், தலைமுறை தலைமுறையாக நாய்களைப் பொறுக்கி இனம் சேர்த்து, மனிதர்கள் நீட்டி வைத்தார்கள். எதற்காக? ஆங்கில மருத்துவர் ஜான் கயஸ் நாய்களைப் பற்றி லத்தீனில் எழுதி 1570இல் வெளியான நூலில், இப்படி நின்று தரையோடு படுத்துவிடும் நாயைப் பற்றிய விவரம் வருகிறது. அது இடத்தைக் காட்டியதும் வேட்டைக்காரர் வலையை விரித்துப் பறவைகளை மூடிப் பிடிப்பார். எதுவும் தப்பிவிடக் கூடாது என்பதற்காகவே நாய் அடங்கி நின்றது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பறப்பதைச் சுடும் பழக்கம் இங்கிலாந்தில் பரவிய பிறகு, அதே நிற்றலின் மேல் கண்ணியம் என்ற பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. நாயைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

தோற்றம் எப்படியானால் என்ன, இன்று அது வாய்ப்புத் தருகிறதே என்று கேட்கலாம். அந்த வாய்ப்பைப் பறவையின் பக்கமிருந்து கணக்கிட வேண்டும். அசையாத பறவையை அருகிலிருந்து குறிவைத்தால் அது அங்கேயே செத்துவிடும். கோணலாக எழும்பும் பறவையை நோக்கிச் சிதறும் ரவைகள் சிலசமயம் முழுக்கத் தவறும். சிலசமயம் இறக்கையிலோ வயிற்றிலோ பாயும். விழுந்ததை நாய் தேடி எடுத்துவிடும். அடிபட்டும் விழாமல் பறந்து போனதை எந்த நாயும் கவ்விவராது. ஆக, இந்த விதி சில பறவைகளுக்குப் பிழைக்கும் வாய்ப்பையும் வேறு சிலவற்றுக்கு மெல்லச் சாகும் வாய்ப்பையும் சேர்த்தே தருகிறது. இறைச்சிக் கடைக்காரர் இப்படி ஒரு விதி வைத்துக்கொண்டால் அவரைக் கண்ணியவான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆட்டத்தின் விதி ஆடுபவர் இருவரும் ஒப்புக்கொண்டால்தான் நேர்மை ஆகும். உட்காக் எந்த ஆட்டத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை. இது வேட்டைக்காரர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நோன்பு. நோன்புக்கு மதிப்பு உண்டு. அதன் பலன் நோற்பவருக்கு.

வேட்டையின் பக்கம் நின்று எழுதியவர்களில் கூர்மையானவர் ஸ்பானியத் தத்துவவாதி ஹோசே ஒர்த்தேகா இ காசெத். ஒரு வேட்டை நூலுக்கு 1942இல் லிஸ்பனில் அவர் எழுதிய முன்னுரை தனி நூலாகவே நிலைத்துவிட்டது. சாவு வேட்டையின் இலக்கு இல்லை என்றாலும் சாவு இல்லாவிட்டால் வேட்டை மெய்யாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். கேமராவோடு போவதை அவர் வெறும் பாவனையென ஒதுக்குகிறார். அமெரிக்கக் காட்டுயிர் அறிஞர் ஆல்டோ லியோபோல்டு இவ்வளவு உறுதியாக இல்லை. அவர் இறந்து ஓராண்டு கழித்து 1949இல் வெளியான நூலில், வசந்தகால அந்தியில் ஆண் உட்காக் வானில் சுழன்றேறி ஆடுவதை விவரிக்கிறார். அதை அறிந்துகொண்ட பிறகு, உட்காக் வேட்டையில் பெருவிருப்பம் கொண்ட அவருக்கே அக்டோபரில் ஓரிரு பறவைகளோடு மனம் நிறைந்துவிடுகிறதாம். நேர்மையான வாக்குமூலம்தான். ஆனால் ஒரு பறவையின் வாழ்வை அறிந்ததால் எண்ணிக்கை குறைந்ததென்றால், அது ஓரிரண்டில் வந்து ஏன் நிற்க வேண்டும்?

வரம்புக்குட்பட்ட வேட்டைதான் இனத்தைக் காக்கிறது என்பார்கள். பொய்யில்லை. வரம்பில்லாத சந்தை வேட்டை என்ன செய்யும் என்பதற்குப் பயணப் புறாவே சாட்சி. அந்த இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் செத்தது. இன்று அமெரிக்காவில் உட்காக்குக்கு நாளொன்றுக்கு மூன்று, ஆண்டுக்கு 45 நாள் என்று வரம்பு உண்டு. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. அட்டைப் பலகையைச் சுட்டுப் பழகுபவரும் அதே வரியைத்தான் கட்டுகிறார் என்பதை இங்கே நினைவில் வைக்கலாம். இன்னொரு மறுப்பு கடினமானது: கடையில் பிராய்லர் வாங்குபவர் வேட்டைக்காரரைக் கேள்வி கேட்கலாமா? ஆறேழு வாரத்தில் வெட்டுப்படும் கோழியின் வாழ்வோடு ஒப்பிட்டால் உட்காக் வாழ்ந்தது வாழ்வு. தின்பவர் இருப்பதால்தான் விற்பவர் இருக்கிறார் என்று புலால் மறுத்தலில் வள்ளுவர் வைக்கும் வாதமும் பிராய்லர் வாங்குபவரையே பிடிக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்தவர் மேல் வழக்கு இருப்பதால் இவர் விடுதலை ஆகிவிட மாட்டார். இல்லறத்தாருக்குச் சமண அறம் உயிர்க்கொலையைத் தரம் பிரிக்கிறது. உழவிலும் சமையலிலும் நேர்வதைக் குறைக்கச் சொல்கிறது. கொல்லவேண்டும் என்று எண்ணிக் கொல்வதை அறவே விலக்குகிறது. நாய் நிற்கும் வேட்டை இந்த இரண்டாவது வகையின் உச்சியில் இருக்கிறது. அங்கே பசி இல்லை, அச்சம் இல்லை, அவசரம் இல்லை. நாய் உறைந்ததிலிருந்து துப்பாக்கி தோளுக்கு ஏறும்வரை யோசிக்க நேரம் இருக்கிறது. குற்றத்தைத் தணிப்பதாகச் சொல்லப்பட்ட அடக்கம், செயலை முழுக்கத் தெரிந்தே செய்ததாக ஆக்கிவிடுகிறது.

ஒர்த்தேகாவுக்குப் பதில் மிச்சிகனிலேயே கிடைக்கிறது. அங்கே வசந்தத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இதே இன நாய்களோடு இதே காடுகளுக்குள் போகிறார்கள். நாய் நிற்கிறது. தாய்ப்பறவை எழுந்து பறக்கிறது. அவர்கள் அடிமேல் அடி வைத்துப் போய், சருகுக்குள் கிடக்கும் குஞ்சுகளை எடுத்து, அலகின் நீளத்தை அளந்து வயதைக் கணித்து, காலில் சிறு உலோக வளையம் மாட்டி, எடுத்த இடத்திலேயே விட்டு வருகிறார்கள். இவர்களில் வேட்டைக்காரர்களும் உண்டு. காடு, நடை, நாயின் மூக்கு, உறைந்த அந்தக் கணம், எதுவும் இதில் குறையவில்லை. வேட்டையின் இன்பங்கள் என்று அவர்கள் சொல்பவற்றில் இறைச்சியைத் தவிர எதற்கும் சாவு தேவைப்படவில்லை. இதற்கும் ஒரு மறுப்பு உண்டு: வளையம் மாட்டிய பறவையைப் பற்றிய தகவல் பெரும்பாலும் திரும்பி வருவது, அதைச் சுட்டவர் வளையத்தின் எண்ணைத் தெரிவிக்கும்போதுதான். அப்படித் தெரிவிப்பவருக்கு ஒரு சான்றிதழ் வரும். அந்தப் பறவை எந்த இடத்தில், எந்த வசந்தத்தில் குஞ்சாகக் கையில் எடுக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும்.