நேர்ந்துவிட்ட கிடாவுக்கு வைத்தியம்

ஆடி பிறக்கப் பத்து நாள் இருந்தது. காலை எட்டு மணிக்கு மருந்தகத்தைத் திறக்க வந்தபோது ஒரு பாட்டி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கருங்கிடா பின்னங்கால்களை அகட்டி, முதுகை வளைத்து, முக்கிக்கொண்டு நின்றது. வால் ஓயாமல் துடித்தது. அடிவயிற்று மயிரில் சொட்டு ஈரமில்லை.

“நேத்துப் பொழுது சாஞ்சதிலிருந்து ஒண்ணுக்குப் போகல டாக்டரம்மா. ராத்திரியெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டே கெடந்துச்சு” என்றார்.

திண்டுக்கல் மாவட்டத்தில், வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன அய்யலூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கால்நடை உதவி மருத்துவராக இருக்கிறேன். பணிக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. அன்று நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பயிற்சி மாணவர்கள் நான்கு பேர் என்னோடு இருந்தார்கள். கல்லடைப்பு என்று பார்த்தவுடன் சொன்னது அவர்களில் ஒரு பெண். கிடாவைப் பிட்டத்தில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டோம். குறியின் நுனியில் புழுப்போல நீண்டிருக்கும் சிறு குழல் வீங்கிக் கறுத்திருந்தது. மணல் துகள் அளவுக் கல் அங்கேதான் வந்து சிக்கும். அந்தக் குழலை அவளையே கத்தரிக்கச் சொன்னேன். இரண்டு சொட்டு இரத்தம் வந்தது. பிறகு அடைபட்டுக் கிடந்ததெல்லாம் பீய்ச்சி அடித்தது. கிடா பல் கடிப்பதை நிறுத்தியது.

என்ன தீனி என்று கேட்டேன். “சோளமும் தவுடுந்தான். கருப்பனுக்கு நேந்துவிட்டதாச்சே, கொறை வைக்கலாமா? ஆடி மூணாம் வெள்ளி வெட்டு. நோவோட கொண்டுபோயி சாமி முன்னால நிறுத்த முடியுமா தாயி?” என்றார் பாட்டி. தானியமும் தவிடும் மிகுந்தால் கிடாக்களுக்குச் சிறுநீரில் கல் கட்டும். சாமிக்கென்று ஊட்டிய தீனியே அதற்கு நோயாகியிருந்தது. இரண்டையும் குறைத்து, பசுந்தழையும் நிறையத் தண்ணீரும் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

கை கழுவிக்கொண்டிருந்த அந்தப் பெண் குழாயை மூடாமல் அப்படியே நின்றாள். மதியம் சாப்பிடும்போதுதான் வாய் திறந்தாள். “ஒரு மாசத்துல வெட்டத்தானே போறாங்க மேடம். அதுக்கா இதைக் காப்பாத்தினோம்?”

அவள் ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். வள்ளலார் வழியில் நிற்கும் குடும்பம். மூன்று தலைமுறையாகப் புலால் கிடையாது. பயிற்சி முடிந்ததும் சென்னையில் நாய், பூனைகளுக்கான மருத்துவமனையில் சேருவதென்று முடிவு செய்திருந்தாள். மற்ற மூவரில் ஒருவன் தேர்வாணையத் தேர்வு எழுதி அரசுப் பணிக்கு வர நினைத்தான். இன்னொருவனுக்கு நாமக்கல் கோழிப் பண்ணை நிறுவனம் ஒன்று வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. மூன்றாமவனுக்கு வங்கியில் வேளாண் அலுவலர் வேலைமேல் கண். நான்கு பேரிடமும் காரணம் கேட்டேன். சம்பளம், ஊர், வீட்டு நிலைமை என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவள் சொன்னது வேறு. “மாட்டைப் பாலுக்காகப் பாக்குறோம். ஆட்டைக் கறிக்காகப் பாக்குறோம். அங்கேயாவது நாயை நாய்க்காகவே பாக்கலாம் மேடம்.”

கால்நடை மருத்துவம் படித்த பிள்ளைகள் பட்டணத்துச் செல்லப்பிராணி மருத்துவத்தைத் தேடிப் போவது சொகுசுக்காக என்று எங்கள் துறையில் பலர் சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். நாலரை ஆண்டு படிப்பும் ஓராண்டுப் பயிற்சியுமாக ஐந்தரை ஆண்டு செலவழித்தவர்கள் சாணியும் சகதியும் வேண்டாம் என்று ஓடுகிறார்கள் என்பதுதான் எங்கள் தீர்ப்பு. அவள் பேச்சைக் கேட்டபிறகு அந்தத் தீர்ப்பைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த வேலைக்குப் போவது என்ற கேள்விக்குள் அவள் அறம் பற்றிய கேள்வி ஒன்றை வைத்திருந்தாள்.

அன்று அவளுக்கு நான் சொன்ன பதில் மோசமான பதில். “அந்தப் பாட்டிக்கு அது சொத்துமா” என்றேன். பொய்யில்லை. விவசாயியின் பொருளைக் காப்பது எங்கள் கடமைதான். ஆனால் அவள் கேட்டது பாட்டியைப் பற்றியல்ல, கிடாவைப் பற்றி. அந்தப் பதில் அவள் சந்தேகத்தை உறுதி செய்ததே தவிரத் தீர்க்கவில்லை. இப்போது எழுதுவது அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது.

வள்ளலார் பக்கமிருந்தே தொடங்குகிறேன். சிறுதெய்வங்களின் பெயரால் ஆடும் கோழியும் பலியாவதைக் கண்டு உள்ளம் நடுங்கியவர் அவர். பலியைத் தடுக்கச் சட்டமும் நம்மிடம் இருந்தது. 1950-இல் வந்த சட்டத்தை 2003-இல் கடுமையாக நடைமுறைப்படுத்த முயன்றார்கள். 2004-இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. இந்த ஊர்க் கருப்பன் கோயிலில் இந்த ஆடியிலும் கிடா வெட்டு உண்டு. நான் வெட்டை ஆதரிப்பவள் அல்ல. ஆனால் வெட்டு நிற்கும்வரை என் கத்தரிக்கோலைத் தொடமாட்டேன் என்று நான் இருந்தால், அந்தக் கிடா வெட்டுக்கு முன்பே சிறுநீர்ப்பை வெடித்துச் செத்திருக்கும். என் கொள்கையின் தூய்மைக்கு விலையாக அது இரண்டு நாள் துடித்திருக்கும்.

வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். உலகத்தில் பசி ஏன் இருக்கிறது, அதை யார் உண்டாக்கினார்கள் என்பதற்கெல்லாம் விடை கண்டபிறகு மூட்டலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. இன்று சோறு தின்றவனுக்கு நாளையும் பசிக்கும். அதனால் இன்றைய சோறு வீணாகிவிடுமா? பசிக்கு எது பொருந்துமோ அது வலிக்கும் பொருந்தும். கிடாவுக்கு அடுத்த மாதம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காலையின் வலிதான். அந்த வலி முழு வலி. நூறு வயது வாழப்போகிற உயிருக்கு அது எவ்வளவோ, முப்பது நாளில் சாகப்போகிற உயிருக்கும் அவ்வளவே.

இந்த இடத்தில் எனக்கு அசோகர் நினைவுக்கு வருகிறார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அவர் பாறைகளில் பொறித்த சாசனங்களின் வரிசை ஆந்திரத்து எர்ரகுடியிலும் இருக்கிறது. இரண்டாம் பாறைச் சாசனம் மனிதருக்கும் விலங்குக்கும் தனித்தனியே மருத்துவ ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. மூலிகை இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுபோய் நட்டதையும் சொல்கிறது. அந்த ஏற்பாடு சென்ற எல்லைநாடுகளாகச் சோழரும் பாண்டியரும் சத்தியபுத்திரரும் கேரளபுத்திரரும் தாமிரபரணி என்னும் இலங்கையும் அதில் குறிக்கப்படுகின்றன. தமிழ் மண்ணைத் தொட்டுப் பேசும் மிகப் பழைய கால்நடை மருத்துவச் செய்தி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முந்திய சாசனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பலியைத் தடை செய்வதும் அதில்தான் வருகிறது. கூடவே ஓர் ஒப்புதலும் வருகிறது: முன்பு அரண்மனை மடைப்பள்ளிக்கு எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்டன, இதைப் பொறிக்கும்போது நாளைக்கு மூன்று மட்டும், இரண்டு மயிலும் ஒரு மானும், அந்த மூன்றும் இனிமேல் நிற்கும். தன் அடுக்களையில் இன்னும் கத்தி ஓயவில்லை என்று கல்லில் எழுதிய அதே அரசர், அடுத்த சாசனத்தில் விலங்குக்கு மருத்துவம் செய்ததை எழுதுகிறார். இதை முரண்பாடு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கொலை குறைவதும் வலி தீர்ப்பதும் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் கூடவே நடந்திருக்கின்றன. கருணை அப்படித்தான் தொடங்கும்.

கத்திக்கு மிக அருகில் நானும் நின்றிருக்கிறேன். ஒரு நகராட்சி ஆட்டிறைச்சிக்கூடத்தில் இரண்டு ஆண்டுகள் சோதனை மருத்துவராக இருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்குப் போக வேண்டும். பார்க்காமலே முத்திரை குத்தச் சொல்லி வற்புறுத்தியவர்கள் உண்டு. 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் ஒரு மருத்துவர் மணிக்கு 12 உயிருக்கு மேல், நாளுக்கு 96 உயிருக்கு மேல் சோதிக்கக்கூடாது என்கின்றன. சினையானதையும், மூன்று மாதம் நிரம்பாத குட்டி உள்ள தாயையும், மூன்று மாதம் ஆகாத குட்டியையும் வெட்டக்கூடாது. ஓர் உயிரின் கண்ணெதிரே இன்னொன்றை வெட்டக்கூடாது. மணிக்குப் பன்னிரண்டு என்றால் ஒவ்வோர் உயிருக்கும் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் சண்டை போட்டிருக்கிறேன். வயிற்றில் கை வைத்துச் சினை என்று கண்டு திருப்பி அனுப்பிய வெள்ளாடுகள் உண்டு. புலால் உண்ணாத என் மாணவி அந்த இடத்துக்கு வரவே கூசுவாள். ஆனால் அந்தக் கூடத்தில் ஆட்டின் பக்கம் நிற்கச் சட்டம் அமர்த்தியிருக்கும் ஒரே ஆள் மருத்துவர்தான். நல்ல மனம் உள்ளவர்கள் எல்லோரும் ஒதுங்கிக்கொண்டால் அந்த ஐந்து நிமிடம் யார் கையில் போகும்?

நாயை நாய்க்காகவே பார்க்கலாம் என்றாளே, அந்த நம்பிக்கையையும் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளிநாடு போகிற குடும்பம், நல்ல உடம்போடு இருக்கிற நாயை ஊசி போட்டு முடித்துவிடச் சொல்லிக் கேட்கும். பணம் போதாமல் பாதியில் நின்ற பார்வோ நோய்ச் சிகிச்சையின் முடிவையும் அவளே பார்க்க வேண்டியிருக்கும். தீராத நோயில் கிடக்கும் உயிரை விடுவிக்கலாமா என்ற கேள்வியும் வரும். 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் நோயுற்றுத் துடித்த கன்று ஒன்றை ஊசி போட்டு முடிக்கக் காந்தி சம்மதித்தார். அகிம்சை பேசியவரா இதைச் செய்தார் என்று கண்டனம் குவிந்தது. தன் முடிவை விளக்கி அவர் தம் பத்திரிகையில் எழுதினார். கறை படாத கை வேண்டும் என்பதற்காக ஒரு வேலையைத் தேர்ந்தால், எங்கள் தொழிலில் அப்படி ஒரு வேலை இல்லை.

அப்படியானால் எதை வைத்துத் தேர்வது? கேட்பாரற்ற வலி எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். நாய்க்கு ஒரு குடும்பம் அழும். ஊரில் அழைக்க நாலு மருத்துவமனைகள் இருக்கும். மலையடிவாரத்து ஆட்டுக்கிடையில் நோய் விழுந்தால் இருபது கிலோமீட்டருக்கு நான் ஒருத்திதான். இதை ஒரு காரணமாகப் பிள்ளைகள் மனதில் வைக்கலாம். கட்டளையாக அவர்கள்மேல் சுமத்த எனக்கு உரிமையில்லை.

ஏனென்றால் கருணைக்கும் ஓர் உடம்பு வேண்டும். அந்த நால்வரும் வேலையிடத்தில் எதிர்பார்த்தவற்றை எழுதித் தரச் சொன்னேன். முதல் இரண்டு ஆண்டு பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு மூத்தவர், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, இரவு அழைப்புக்குத் துணையாக ஒருவர், பெண்களுக்குப் பூட்டக்கூடிய அறையும் கழிப்பறையும், கடன் கட்டிக் குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம். இதில் எது பேராசை? நான் சேர்ந்த புதிதில், நள்ளிரவில் கன்று மாட்டிக்கொண்ட பசுவுக்குப் பார்த்துவிட்டு, காலையில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு கடேரிக்கு மருந்தின் அளவைத் தவறாக ஏற்றியிருக்கிறேன். அந்தக் கடேரி பிழைத்தது என் திறமையால் அல்ல. ஓய்வில்லாத மருத்துவரின் தவற்றுக்கு வாயில்லாத உயிர்தான் விலை கொடுக்கிறது. ஆகவே ஓய்வு கேட்பதும் ஜீவகாருண்யத்தில் சேரும். சேவை, தியாகம் என்ற சொற்களைக் காட்டி இளைஞர்களின் இந்த நியாயமான எதிர்பார்ப்பை அடக்குபவர்கள் விலங்குக்கும் நன்மை செய்யவில்லை.

வாசகர்களே, இந்தக் கேள்வியைக் கால்நடை மருத்துவ மாணவர்கள் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. காலையில் பால் வாங்குகிறவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிறவர்களுக்கும் நேர்ந்துவிடுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் ஊர் மருந்தகத்தில் மருத்துவர் இருக்கிறாரா, அவர் தங்க வீடு இருக்கிறதா, இறைச்சிக்கூடத்தில் அந்த ஐந்து நிமிடம் அவருக்குக் கிடைக்கிறதா என்று ஒருமுறை விசாரியுங்கள். மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சென்னைக்குப் போங்கள், பண்ணைக்குப் போங்கள், இங்கேயும் வாருங்கள். எங்கே போனாலும், கையெழுத்துப் போடுமுன் அந்த உயிரின் மேல் ஒருமுறை கை வையுங்கள். “இதுக்கா காப்பாத்தினோம்” என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி மனதில் இருக்கும்வரை கை தானாக மெதுவாகப் பிடிக்கும்.

அந்தக் கிடாவை ஆடி மூன்றாம் வெள்ளியன்று வெட்டினார்கள். அதுவரைக்கும் அதற்கு ஒரு நாளும் நீர் அடைக்கவில்லை என்று பாட்டி வந்து சொல்லிவிட்டுப் போனார்.