பிரம்பும் பேரறிவும்

பிரம்பெடுக்கத் தயங்கும் தந்தை பிள்ளைக்கு நன்மை செய்தவனாகான் என்பது, விவிலியத்தின் நீதிமொழிகள் நூல் தரும் கருத்து. சாலொமோன் மன்னனின் ஞானம் என்று போற்றுவர். நம் வீட்டுத் திண்ணையில் மட்டும் என்ன வாழ்கிறது? அடியாத மாடு படியாது என்கிறோம். மாட்டுக்குச் சொன்னதை மகனுக்கும் சேர்த்தே சொல்கிறோம்! பிரம்புக்கு மதமில்லை. ஆகவே, ஒரு மதத்தாரைப் பழிப்பது நம் நோக்கமன்று. பிரம்பைப் பகுத்தறிவின் முன் நிறுத்துவதே நோக்கம்.

செங்கற்பட்டைப் பாருங்கள். சிறுவரைச் சிறையில் தள்ளாமல் திருத்தலாம் என்ற நல்லெண்ணத்தில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சீர்திருத்தப் பள்ளி கண்ட ஊர். அதே ஊரின் கூர்நோக்கு இல்லத்தில், 2022 டிசம்பர் இறுதியில், திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட 17 வயதுச் சிறுவன் மாண்டான். அடித்துக் கொன்றதாகப் பணியாளர் அறுவர் கைதாயினர். இத்தகைய இல்லங்களில் உடல் தண்டனை கூடாதென 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்லியிருந்தும் இந்தக் கொடுமை!

"தந்தையின் அடி வேறு, அது அன்பின் அடி" என்பர். அன்பா, ஆத்திரமா என அளந்து சொல்வது யார்? அடிப்பவனே அல்லவா! திருத்தவே அடித்தேன் என்பதுதானே அடிப்பவர் அனைவரும் சொல்லும் காரணம்?

பலன் என்ன? விவிலியத்தையே கேட்போம். சாலொமோனின் மகன் ரெகொபெயாம், சுமை குறைக்கும்படி வேண்டிய மக்களிடம், தந்தையினும் கொடிய தண்டனை தருவேன் என்று மிரட்டினான்; பத்துக் குலங்கள் அவனைவிட்டுப் பிரிந்தன. பிரம்பை நம்பிய ஞானியின் வீட்டிலேயே பிரம்பு தோற்றது! கொலோசெயருக்கு எழுதப்பட்ட கடிதமோ, பிள்ளைகள் மனமுடையும்படி அவர்களை எரிச்சலூட்டலாகாது எனத் தந்தையரை எச்சரிக்கிறது.

ஒரே நூல், இரு குரல். எந்தக் குரலைக் கேட்பது என்று முடிவு செய்வது எது? நூலன்று, தோழர்களே, படிப்பவனின் அறிவு! கை ஓங்கியபின் "வேதம் சொன்னது" என்று எவரும் தப்ப முடியாது. தேர்ந்தெடுத்தவன் அவனே, பொறுப்பும் அவனுடையதே.

வள்ளுவர் மக்கட்பேற்றுக்குப் பத்துக் குறள் தந்தார், ஒன்றிலேனும் பிரம்பில்லை. சுவீடன் நாடு 1979-லேயே, பெற்றோரும் பிள்ளையை அடிக்கலாகாதெனச் சட்டம் செய்தது. அந்நாடு சீரழிந்தா போயிற்று?

இனி, நம் வீட்டுக்கு வருவோம். மேடையில் "ஏன், எதற்கு என்று கேள்" என முழங்குகிறோம். வீட்டில் நம் பிள்ளை "ஏன்?" என்றால் கை ஓங்குகிறோமே, அது அறமா? அடிக்கு அஞ்சி வாய்மூடும் குழந்தை, நாளை ஆதிக்கத்துக்கும் அஞ்சி வாய்மூடும். கேள்வி கேட்கும் தலைமுறை வேண்டுமெனில், முதல் கேள்வியை நம்மிடமே கேட்க அதனை விடுவோம், விடையும் சொல்வோம். பிரம்பை ஒடிப்போம்!